கர்த்தர் தலையில் கட்டும் முடிவுகள்

தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு வரன் பிடிக்காமல் போனால், பிடிக்கவில்லை என்று சொல்லி அனுப்புவது அபூர்வம். ஜெபித்துப் பார்த்தோம், ஆண்டவருக்குச் சித்தமில்லை என்று தெரிகிறது என்றே பதில் போகும். பையனின் சம்பளம் போதவில்லை, பெண்ணின் நிறம் குறைவு, நகைப் பேச்சு ஒத்துவரவில்லை, சாதி சரியில்லை: உண்மைக் காரணம் இவற்றில் ஒன்றாக இருக்கும். அதை வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் துணிவில்லை. மறுத்தவர்கள் மனிதர்கள், மறுத்ததாகப் பெயர் கடவுளுக்கு.

வரனோடு இது முடிவதில்லை. வேலை மாறுவது, விசாவுக்கு எழுதிப்போடுவது, மனை வாங்குவது, அறுவை சிகிச்சைக்குச் சம்மதிப்பது என்று எல்லாவற்றுக்கும் ஒரு 'உறுதிப்படுத்தல்' வேண்டியிருக்கிறது. புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை, கண்ணை மூடி வேதத்தைத் திறந்தபோது விரல் பட்ட வசனம், கன்வென்ஷன் மேடையிலிருந்து ஊழியக்காரர் சொன்ன தீர்க்கதரிசனம் என்று அது பல வழிகளில் வரும். வங்கிக் கடன் கிடைத்தால் கதவு திறந்தது, கிடைக்காவிட்டால் கதவு அடைபட்டது.

இந்தப் பழக்கத்தின் அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கிறது. ஒவ்வொருவர் வாழ்க்கைக்கும் கடவுள் ஒரு ரகசியத் திட்டம் எழுதி வைத்திருக்கிறார். இன்ன துணை, இன்ன வேலை, இன்ன ஊர் என்று அதில் குறித்திருக்கிறது. அடையாளம் கேட்டு அதைக் கண்டுபிடிப்பதே விசுவாசியின் கடமை. தவறவிட்டால் மிச்ச வாழ்நாள் இரண்டாந்தரம். இதன் மறுபாதி, எது நடந்து முடிந்தாலும் அதுதான் தேவ சித்தம் என்பது. ஆக, நடப்பதற்கு முன் யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை. நடந்த பின் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பக்தியின் உச்சம் போலத் தோன்றும் இந்த நம்பிக்கை வேதத்தோடும் ஒட்டவில்லை, திருச்சபை பாடுபட்டுக் கற்றுக்கொண்டதோடும் ஒட்டவில்லை. இதனால் நொந்துபோனவர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள்.

இந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக முதலில் நீட்டப்படுவது எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம். கர்த்தர் தம் மக்கள்மேல் கொண்டிருக்கும் நினைவுகள் சமாதானத்துக்கானவை என்று சொல்லும் அந்த வசனம் காலண்டரிலும் கல்யாணப் பத்திரிகையிலும் கார்க் கண்ணாடியிலும் இருக்கிறது. அது யாருக்கு எழுதப்பட்டது என்பதைத்தான் மறந்துவிட்டோம். கி.மு. 597இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஒரு கூட்டத்துக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லோரும் ஊர் திரும்புவீர்கள் என்று ஆலயத்தில் நின்று கர்த்தரின் பெயரால் வாக்குக் கொடுக்கிறான். கூட்டம் கேட்க விரும்பியது அதைத்தான். எரேமியாவோ எழுபது வருஷம் ஆகும் என்கிறார். கேட்டவர்களில் பெரும்பாலோர் அந்த நன்மையைப் பார்க்காமலே செத்துப்போவார்கள். அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பெண் எடுங்கள், பெண் கொடுங்கள், குடியிருக்கும் நகரத்தின் நலத்தைத் தேடுங்கள் என்கிறது கடிதம். எந்த வீடு, எந்தப் பெண் என்று ஒரு சொல் இல்லை. அதுமட்டுமா, அந்தப் பிரியமான வசனத்துக்கு மூன்று வசனம் முன்னால், உங்கள் தீர்க்கதரிசிகளிடமும் குறி சொல்லுகிறவர்களிடமும் ஏமாறாதீர்கள், உங்கள் சொப்பனங்களுக்குச் செவிகொடுக்காதீர்கள் என்ற கடும் எச்சரிக்கை இருக்கிறது. குறி கேட்பதைத் தடுத்து எழுதிய கடிதத்திலிருந்து ஒரு வரியைக் கிழித்து, அதைக்கொண்டே குறி பார்க்கிறார்கள்.

பவுலைப் பார்ப்போம். தமஸ்கு வழியில் வெளிச்சம் கண்டவர், மக்கெதோனியருக்காகத் தரிசனம் பெற்றவர். ஒவ்வொரு அடியையும் கேட்டுக் கேட்டு வைத்திருக்க வேண்டியவர் அவர்தான். அவர் கடிதங்கள் காட்டுவது வேறு மனிதரை. தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, தான் அத்தேனேயில் தனியாகத் தங்கித் தீமோத்தேயுவை அனுப்புவது நல்லதென்று தங்களுக்குத் தோன்றியது என்கிறார், காரணமும் சொல்கிறார். கொரிந்துவுக்குப் போகும் திட்டத்தை மாற்றுகிறார். பேச்சு மாறுகிறவர் என்று அங்கே முணுமுணுப்பு எழுந்தபோது, கர்த்தர் திட்டத்தை மாற்றிவிட்டார் என்று தப்பித்துக்கொள்ளவில்லை. உங்களை வருத்தப்படுத்த வேண்டாம் என்றுதான் வரவில்லை என்று தன் காரணத்தைத் தானே முன்வைக்கிறார். அப்பொல்லோவை மிகவும் வேண்டிக் கேட்டதாகவும், அவருக்கு இப்போது வர மனதில்லை என்றும் எழுதுகிறார். ஓர் அப்போஸ்தலன் கேட்டும் ஒரு சக ஊழியர் மாட்டேன் என்கிறார், அது அந்த ஆளின் விருப்பமாகவே மதிக்கப்படுகிறது. இன்று ஒரு பாஸ்டர் கேட்டு ஒரு வாலிபன் மாட்டேன் என்றால் அவனுக்குக் கீழ்ப்படியாமையின் ஆவி என்று பெயர் வந்துவிடும்.

மாற்கை அழைத்துப்போவதா வேண்டாமா என்று பவுலும் பர்னபாவும் கடுமையாகச் சண்டை போட்டுப் பிரிந்தது அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இருவரில் ஒருவரும் 'ஆண்டவர் எனக்குச் சொன்னார்' என்ற ஆயுதத்தை எடுக்கவில்லை. ஆளுக்கொரு திசையில் போனார்கள். இரண்டு பயணமும் சுவிசேஷப் பயணமாகவே முடிந்தது. 21ஆம் அதிகாரம் இன்னும் சுவாரசியம். எருசலேமுக்குப் போகாதே என்று தீருவில் இருந்த சீஷர்கள் ஆவியின் ஏவுதலால் பவுலிடம் சொல்கிறார்கள். செசரியாவில் அகபு தன் கைகால்களைக் கட்டிக் காட்டி, அங்கே போனால் உனக்கு இதுதான் என்கிறார். பவுல் இதையெல்லாம் கேட்டு, மற்றவர்களின் அழுகையைக் கண்டு மனம் உடைந்தும், போவதென்றே முடிவு செய்கிறார். தீர்க்கதரிசனம் அவருக்குச் செய்தி தந்தது. முடிவு அவருடையதாகவே இருந்தது. அவர் மனம் மாறாததைக் கண்ட பிறகுதான், கர்த்தருடைய சித்தம் ஆகட்டும் என்று மற்றவர்கள் அமைந்தார்கள்.

திருமணத்தைப் பற்றி அவர் சொன்னதை எல்லாப் போதகர்களும் படித்திருப்பார்கள். விதவை தனக்கு விருப்பமானவரை மணந்துகொள்ளலாம், கர்த்தருக்குள் இருக்கும் ஒருவராக இருந்தால் போதும் என்பது முதல் கொரிந்தியர் 7ஆம் அதிகாரத்தின் கருத்து. எல்லை ஒன்று, அதற்குள் விருப்பம் அவளுடையது. ஏதேன் தோட்டமும் அப்படித்தான் இருந்தது: ஒரு மரத்தைத் தவிர எல்லாம் திறந்திருந்தது. மிருகங்களை ஆதாமிடம் கொண்டுவந்து, என்ன பெயர் வைப்பான் என்று கடவுள் பார்த்திருந்ததாக ஆதியாகமம் சொல்கிறது. அவன் வைத்ததே பெயர். யானைக்கு முன்கூட்டியே ஒரு பெயரை ஒளித்துவைத்து அவன் சரியாகச் சொல்கிறானா என்று அவர் சோதித்ததாக அங்கே இல்லை.

அடையாளம் கேட்பவர்களுக்குக் கிதியோனின் தோல் கைவசம் இருக்கிறது. ஆனால் அவன் ஆட்டுத்தோலைக் களத்தில் விரிப்பதற்கு முன்பே கர்த்தர் வந்து பேசியாயிற்று, என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியாயிற்று. தெரியாததைத் தெரிந்துகொள்ள அவன் தோலை விரிக்கவில்லை. தெரிந்ததைச் செய்யப் பயந்து விரித்தான். இரண்டாம் முறை கேட்கும்போது கர்த்தருக்குக் கோபம் வருமோ என்று அவனே நடுங்குகிறான். சீட்டுப்போட்டு மத்தியாவைத் தெரிந்துகொண்டதும் பெந்தெகொஸ்தே நாளுக்கு முன். ஆவியானவர் வந்த பிறகு அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு சீட்டும் விழவில்லை. எருசலேம் கூட்டத்தில் சபையின் பெரிய சர்ச்சை வந்தபோது வாதிட்டார்கள், சாட்சிகளைக் கேட்டார்கள், வேதத்தை ஒப்பிட்டார்கள். பிறகு பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகத் தோன்றியது என்று எழுதி அனுப்பினார்கள். அந்த 'எங்களுக்கும்' இன்றி அந்தத் தீர்மானம் இல்லை.

வேதப் புத்தகத்தைத் திறந்து குறி பார்ப்பது புதிய பழக்கமும் அல்ல. அகுஸ்தீன் காலத்திலேயே சுவிசேஷப் பக்கங்களைப் பிரித்து உலகக் காரியங்களுக்குப் பதில் தேடினார்கள். பிசாசுகளிடம் போவதைவிடத் தேவலாம் என்றாலும் இது தனக்குப் பிடிக்கவில்லை என்று அவர் ஒரு கடிதத்தில் எழுதினார். இன்றைய தெற்குப் பிரான்சில் உள்ள அக்தே நகரில் 506இல் கூடிய ஆயர் மன்றம் இந்தப் பழக்கத்தைத் தடைசெய்தது. தடைக்குப் பின்னும் அது சாகவில்லை.

அதன் விலை என்ன என்று ஜான் வெஸ்லியின் வாழ்க்கை காட்டுகிறது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்குவதற்கு முன் அவர் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஊழியராக இருந்தார். அங்கே சோஃபி ஹாப்கி என்ற பெண்மேல் அவருக்குக் காதல். மொரேவியர் என்ற கிறிஸ்தவச் சபையாரிடம் பழகியதில் சீட்டுப்போடும் பழக்கம் வந்திருந்தது. 1737 மார்ச்சில் மூன்று சீட்டுகள் எழுதப்பட்டன: மணந்துகொள், இந்த ஆண்டு அதை நினைக்காதே, இனி ஒருபோதும் நினைக்காதே. நண்பர் எடுத்த சீட்டு மூன்றாவது. வெஸ்லி அதைக் கடவுளின் பதிலாக ஏற்றுக்கொண்டார். சில நாளிலேயே அவள் வேறொருவரை மணந்தாள். ஏற்றுக்கொண்ட மனம் ஆறவில்லை. ஆகஸ்டில் அவளுக்கு நற்கருணை கொடுக்க மறுத்தார், வழக்கு வந்தது, டிசம்பரில் அவர் குடியேற்றத்தை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. மணக்கவா வேண்டாமா என்று ஒரு முப்பத்து மூன்று வயது மனிதர் அவளிடம் நேரே பேசித் தீர்த்திருக்க வேண்டிய கேள்வி அது. சீட்டிடம் விட்டதால் கேள்வி தீரவில்லை, அவருடைய கசப்பாக மாறி ஒரு பெண்ணை எல்லோர் முன்னிலும் பலிபீடத்தருகே அவமானப்படுத்தியது. மொரேவியரும் அனுபவத்தில் பாடம் கற்றார்கள். உறுப்பினர்களின் திருமணத்துக்குச் சீட்டு கட்டாயம் என்ற விதியை 1818இல் கூடிய அவர்களுடைய பொதுச்சபை தளர்த்தியது.

கத்தோலிக்க மரபிலும் இதே பாதை. லொயோலா இஞ்ஞாசியார் மனம் மாறிய புதிதில், மரியாளைப் பற்றித் தவறாகப் பேசிய ஒரு வழிப்போக்கனைத் துரத்திக் குத்துவதா விடுவதா என்று தெரியாமல், சாலை பிரியும் இடத்தில் கோவேறு கழுதையின் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டார். அது போகும் வழியே முடிவு. கழுதை வேறு வழியில் போனதால் ஓர் உயிர் பிழைத்தது. அதே மனிதர் பின்னாளில் எழுதிய ஆன்மிகப் பயிற்சிகள் நூலில், அமைதியான நேரத்தில் சாதகங்களையும் பாதகங்களையும் எடுத்து வைத்து, அறிவைக் கொண்டு எடைபோட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். கழுதையிலிருந்து அந்த நூலுக்கு அவர் நடந்த தூரம்தான் ஆன்மிக வளர்ச்சி.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். எல்லாம் கடவுள் கையில் இருக்கிறது என்பது வேத சத்தியம் இல்லையா? ஒரு குருவி விழுவதும் பிதாவுக்குத் தெரியாமல் இல்லையே? மனிதனின் தேர்வை இவ்வளவு உயர்த்தினால் சர்வவல்லவர் சிறுத்துவிட மாட்டாரா?

இந்தக் கேள்விக்கு மதிப்புக் கொடுத்தே பதில் சொல்ல வேண்டும். கடவுளின் இறையாண்மையை யாரும் மிஞ்ச முடியாத அளவு உயர்த்தியவர்கள் கால்வினின் வழிவந்தவர்கள். அவர்களுடைய 1646ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை, நடப்பவை யாவையும் கடவுள் தீர்மானித்திருக்கிறார் என்று சொன்ன அதே மூச்சில், அதனால் அவர் பாவத்துக்குக் காரணர் ஆவதில்லை, படைப்புகளின் சித்தம் வன்முறைக்கு ஆளாவதில்லை, காரண காரியங்களின் சுதந்திரம் பறிபோவதில்லை என்றும் எழுதியது. பெந்தெகொஸ்தே நாளில் பேதுருவும் அப்படியே பேசினார்: இயேசு ஒப்புக்கொடுக்கப்பட்டது தேவனுடைய திட்டத்தின்படி, கொன்றது உங்கள் அக்கிரமக் கைகள். திட்டத்தைச் சொல்லிக் கைகளை அவர் விடுவிக்கவில்லை.

அந்த இறையியல் தெருவுக்கு வரும்போது எப்படி நடந்துகொண்டது என்பதற்கு 1721ஆம் ஆண்டின் பாஸ்டன் சாட்சி. பதினோராயிரம் பேர் இருந்த அந்த ஊரில் பெரியம்மை நுழைந்தது. காட்டன் மேதர் என்ற தூய்மைவாதப் போதகர், கடவுளின் முன்குறிப்பை முழு மனதோடு நம்பியவர், ஆனிசிமஸ் என்ற தன் ஆப்பிரிக்க அடிமையிடமிருந்து அம்மைப்பால் குத்தும் முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். அதைச் செய்யுங்கள் என்று மருத்துவர்களைக் கெஞ்சினார். முன்வந்தவர் சப்தியேல் பாயில்ஸ்டன் ஒருவரே. நோய் கடவுள் அனுப்புவது, மனிதன் குறுக்கே நிற்கக் கூடாது என்று ஊரில் எதிர்ப்பு எழுந்தது. மறு ஆண்டு லண்டனில் எட்மண்ட் மாசி என்ற குரு இதையே பிரசங்கமாகச் செய்தார். மேதரின் வீட்டுக்குள் வெடிகுண்டு வீசினார்கள், நல்லவேளை வெடிக்கவில்லை. இயல்பாக அம்மை கண்ட ஏறக்குறைய 5,900 பேரில் 844 பேர் இறந்தார்கள். குத்திக்கொண்ட 240 சொச்சம் பேரில் இறந்தவர்கள் 6. கடவுளின் ஆளுகையை மேதர் நம்பியதால்தான், அந்த ஆளுகைக்குள் மனித அறிவும் ஒரு கருவி என்று துணிந்தார். ஆளுகையைச் சொல்லிக் கைகட்டி நின்றவர்கள் நம்பியது விதியை. அதற்குக் கிறிஸ்து தேவையில்லை.

இன்னும் ஆழமாகப் போனால் கெத்செமனே இருக்கிறது. என் சித்தமல்ல, உம்முடைய சித்தம் என்ற பொருள்பட இயேசு ஜெபித்ததைக் காட்டி, விசுவாசிக்குச் சொந்தச் சித்தமே இருக்கக் கூடாது என்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் திருச்சபை இந்த இடத்தில்தான் ரத்தம் சிந்தியது. கிறிஸ்துவுக்குத் தெய்வச் சித்தம் ஒன்றே உண்டு, மனிதச் சித்தம் கிடையாது என்று சொன்னால் பிரிந்துபோன சபைகளைச் சமாதானப்படுத்தலாம் என்று கான்ஸ்டான்டினோப்பிள் அரசவை கணக்குப் போட்டது. அதைப் பற்றி விவாதிக்கவே கூடாது என்று 648இல் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டன்ஸ் ஆணை பிறப்பித்தார். மாக்ஸிமஸ் என்ற துறவி அடங்க மறுத்தார். மனிதச் சித்தம் இல்லாத கிறிஸ்து முழு மனிதரல்ல. அவர் ஏற்றுக்கொள்ளாததை அவர் குணமாக்கவும் இல்லை. நம்மில் மிகவும் கெட்டுப்போனது சித்தம்தான், அதை அவர் எடுத்துக்கொள்ளாவிட்டால் நமக்கு மீட்பு ஏது என்பது அவர் வாதம். எண்பது வயதை எட்டிய அவருடைய நாக்கை அறுத்தார்கள், வலது கையை வெட்டினார்கள், இன்றைய ஜார்ஜியா நாட்டுப் பக்கம் நாடு கடத்தினார்கள். 662இல் அங்கேயே இறந்தார். அவரோடு நின்ற போப் மார்ட்டினும் அதற்கு முன்பே கிரிமியாவில் கைதியாக இறந்திருந்தார்.

பத்தொன்பது ஆண்டு கழித்து, 681இல் முடிந்த ஆறாம் பொதுச்சங்கம் மாக்ஸிமஸின் போதனையை ஏற்றது. கிறிஸ்துவில் இரண்டு சித்தங்கள். மனிதச் சித்தம் தெய்வச் சித்தத்தை எதிர்க்காமல் மனமுவந்து பின்செல்கிறது. ஆனால் அதில் கரைந்து காணாமல் போவதில்லை. கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் பெரும்பாலான புராட்டஸ்டண்டுகளும் இன்றுவரை ஒப்புக்கொள்ளும் போதனை இது. தேவகுமாரனிடத்திலேயே மனிதச் சித்தம் அழிக்கப்படவில்லை என்றால், திண்டுக்கல்லிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் ஒரு விசுவாசி தன் சித்தத்தை அழித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பது எந்த உபதேசம்? கெத்செமனேயில் இயேசு மூன்று முறை கேட்டார், வியர்த்தார், பிறகு எழுந்து நடந்தார். அவருடைய 'ஆகட்டும்' ஒரு மனிதன் எடுத்த முடிவு. அதனால்தான் அதற்கு விலை இருக்கிறது.

இனி மறுபாதி: நடந்து முடிந்ததெல்லாம் சித்தம் என்பது. துக்க வீட்டில்தான் இதன் கொடூரம் தெரியும். குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம், ஆண்டவருக்கு அந்தப் பூ பிடித்துப்போய்ப் பறித்துக்கொண்டார் என்று சொல்கிறார்கள். ஆறுதல் என்று நினைத்தே சொல்கிறார்கள். லெஸ்லி வெதர்ஹெட் என்ற மெதடிஸ்ட் போதகர் இளமையில் சென்னையில் பணியாற்றியவர். பின்னர் லண்டன் சிட்டி டெம்பிள் சபையின் போதகர். குண்டுவீச்சில் தேவாலயத்தை இழந்து, பிள்ளைகளை இழந்த சபையாருக்கு அவர் செய்த பிரசங்கங்கள் 1944இல் கடவுளின் சித்தம் பற்றிய சிறு நூலாக வந்தன. அதில் இந்தியாவில் நடந்த ஒரு சம்பவம் உண்டு. காலராவில் மகனை இழந்த நண்பர் வராந்தாவில் நடந்தபடி, இது கடவுளின் சித்தம் என்கிறார். அவருடைய மிஞ்சிய குழந்தை அங்கே கொசுவலைக்குள் தூங்குகிறது. யாராவது ராத்திரியில் படியேறி வந்து காலராக் கிருமி நனைத்த பஞ்சை இந்தக் குழந்தையின் வாயில் வைத்தால் என்ன செய்வீர்கள் என்று வெதர்ஹெட் கேட்கிறார். நண்பர் கொதித்து, அப்படிப்பட்டவனைக் கொன்றுபோடுவேன் என்கிறார். அதைத்தானே இப்போது கடவுள் செய்ததாகச் சொன்னீர்கள் என்பது அடுத்த கேள்வி. காலராவுக்குக் காரணம் அசுத்தமான தண்ணீர், ஒரு சமூகத்தின் கவனக்குறைவு. வேறு பெயர் கண்டுபிடியுங்கள் என்றார் அவர்.

கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் என்ற யோபுவின் முதல் அதிகாரத்து வார்த்தையைக் கல்லறைத் தோட்டத்தில் சொல்பவர்கள், அவர் பின்வரும் பல அதிகாரங்களில் கடவுளோடு வழக்காடுவதைப் படிப்பதில்லை. கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டது வழக்காடியவர்மேல் அல்ல. எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த நண்பர்கள்மேல்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு. சுமத்ராவுக்கு அப்பால் பூமி அதிர்ந்தபோது இந்திய நேரம் காலை 6.28. நாகப்பட்டினக் கரையை அலை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி வந்த யாத்திரிகர்களும் அவர்களில் உண்டு. தேவாலயத்துக்குள் இருந்தவர்கள் பிழைத்தது சித்தம் என்றால், கடற்கரையில் நின்ற பக்தர்கள் செத்தது எது? அதைத் தண்டனை என்று பிரசங்கித்தவர்களும் உண்டு. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதில் சொன்ன பிறகும் பிரசங்கித்தார்கள். பசிபிக் கடலில் பல பத்தாண்டுகளாக ஆழிப்பேரலை எச்சரிக்கை இருந்தது, இந்தியப் பெருங்கடலில் இல்லை. அந்த இரண்டு மணி நேரம் மனிதர் கையில் இருந்த நேரம். 2007இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11இல் அதே கடலில் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது நிமிடங்களில் தகவல் கிளம்பியது, கடற்கரைகளில் மக்களை அப்புறப்படுத்தினார்கள். சித்தம் என்று சொல்லிக் கோப்பை மூடியிருந்தால் அந்த மையம் வந்திருக்காது.

அழைப்பு என்பது பொய் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஐடா ஸ்கடர் மிஷனரி ஆக மாட்டேன் என்று உறுதியாக இருந்த பெண். நோயுற்ற தாயைப் பார்க்க 1890களில் திண்டிவனம் வந்தார். ஒரே இரவில் ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து என்று மூன்று பேர் பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவி கேட்டு வாசலில் நின்றார்கள். மருத்துவரான ஐடாவின் தந்தை ஆண் என்பதால் அவர் வருவதை அவர்கள் ஏற்கவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். இரவெல்லாம் ஜெபித்து அழுத அவர் காலையில் பெற்றோரிடம், அமெரிக்கா போய் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்றார். 1899இல் பட்டம், 1902இல் வேலூரில் மருத்துவமனை, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அட்டை எடுக்கவில்லை, தோல் விரிக்கவில்லை. பிறர் துயரத்தைப் பார்த்து, தன்னால் முடிவதை எண்ணி, அவர் தீர்மானித்தார். கடவுள் பேசும் வழி இதுதான் என்றால் அதில் ஐடாவின் மனமும் அறிவும் வாயடைக்கப்படவில்லை.

வாக்குத்தத்த வசனத்துக்கும் ஒரு நல்ல இடம் உண்டு. 1939 ஜூனில் நியூயார்க்கில் பாதுகாப்பாக இருந்த, ஹிட்லரை எதிர்த்த ஜெர்மன் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹாஃபர், போர் வரப்போகிறது என்று தெரிந்தே ஜெர்மனிக்குத் திரும்ப முடிவெடுத்தார். தன்னை அழைத்தவர்களிடம் ஜூன் 20இல் அதைச் சொல்லியாயிற்று. தன் நோக்கங்கள் தனக்கே முழுதும் தெளிவாக இல்லை என்று நாட்குறிப்பில் ஒப்புக்கொண்டார். மாரிக்காலத்துக்கு முன் வந்துவிடும்படி பவுல் தீமோத்தேயுவை அழைக்கும் வசனம் அவர் கண்ணில் பட்டது ஜூன் 26இல். அது நெடுநேரம் அவர் மனதை விட்டு அகலவில்லை. ஆனால் முடிவு ஆறு நாள் முந்தையது, அவருடையது. 1945 ஏப்ரலில் தூக்குமேடை ஏறியபோதும் அது அவருடையதாகவே இருந்தது.

இந்த நேர்மைதான் நம் சபைகளில் குறைகிறது. கர்த்தர் எனக்குச் சொன்னார் என்று ஒருவர் ஆரம்பித்தால் எதிரே இருப்பவருக்குப் பேச்சு முடிந்தது. கட்டட நிதியோ, மகளின் திருமணமோ, சபைத் தலைமை மகனுக்குப் போவதோ, எதைப் பற்றியும் கேள்வி கேட்டவர் பாஸ்டரை எதிர்க்கவில்லை, கடவுளை எதிர்த்துவிட்டார் என்றாகிறது. கிறிஸ்தவத் திருமண விளம்பரங்களில் தேவ சித்தமான மணமகள் தேவை என்று எழுதி, பக்கத்திலேயே சாதியையும் எழுதுகிறார்கள். ஜெபம் தொடங்கும் முன்பே முக்கால்வாசி சபையை வெளியே நிறுத்தியாயிற்று. மிச்சமிருப்பதில் சித்தம் தேடுகிறார்கள். தென்னிந்திய ஆங்கிலிக்கன் சபைகளில் சாதியை உடனே முற்றாக விட்டுவிட வேண்டும் என்று பிஷப் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை அனுப்பினார். ஏறக்குறைய இருநூறு ஆண்டு ஆகிறது. சாதி தொடர்வது நாம் தினமும் எடுக்கும் முடிவு. அதை அப்படியே சொல்லி, அப்படியே மனந்திரும்ப வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமானது அடிவாங்கும் மனைவிக்குச் சொல்லப்படும் ஆலோசனை. இது உனக்குக் கொடுக்கப்பட்ட சிலுவை, ஆண்டவர் உன்னைக்கொண்டு உன் புருஷனை இரட்சிக்கச் சித்தம் கொண்டிருக்கிறார், பொறுத்துக்கொள் அம்மா என்று திருப்பி அனுப்புகிறார்கள். சிலுவையை இயேசு தாமாக எடுத்தார், தம் உயிரை ஒருவரும் தம்மிடமிருந்து பறிக்கவில்லை என்றார். இவளுடைய எலும்பை உடைப்பது ஒரு மனிதனின் கை, அவன் குடித்த குடி, அவன் எடுத்த முடிவு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது; தமிழ்நாட்டில் பெண்களுக்கான உதவி எண் 181. இந்த எண்ணை ஒவ்வொரு சபையும் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். அழுதுகொண்டு வருபவளோடு காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் கூடப்போக இரண்டு பெண்களைச் சபைக் கமிட்டி நியமிக்க வேண்டும். அடிவாங்கியவளை மட்டும் உட்காரவைத்து ஆலோசனை சொல்லிவிட்டு, அடித்தவனை ஞாயிறு ஆராதனையில் மைக் பிடித்துப் பாடவிடும் வழக்கம் இந்த வாரமே நிற்க வேண்டும்.